நாப்பது சாஃப்ட்வேர் லிஸ்ட்டுல எது வேணும், எது வேண்டாம்

உங்க கேள்விய ஒரு தடவ சுருக்கமா சொல்லிக்கறேன். புதுசா விண்டோஸ் 11 லேப்டாப் வாங்கியிருக்கீங்க, ஃப்ரெண்ட் ஒருத்தர் நாப்பது சாஃப்ட்வேர் பேர் எழுதின லிஸ்ட்டும் அதோட செட்டப் ஃபைல் எல்லாம் போட்ட ஒரு பென் டிரைவும் குடுத்திருக்கார், உங்க வேலை பிரௌசிங், லெட்டர் டைப் பண்றது, கொஞ்சம் கணக்கு, படம் பாக்கறது, ஃபோட்டோ சேத்து வைக்கறது, அப்பப்ப தமிழ்ல டைப் பண்றது, இவ்ளோதான். இதுல எதெல்லாம் கண்டிப்பா போடணும்னு கேக்கறீங்க.

ஆறேழு போதும். மீதி முப்பத்துச் சொச்சத்துல பாதி விண்டோஸ்லயே இருக்கற வசதிக்கு டூப்ளிகேட்டு, கொஞ்சம் பத்து பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி தேவைப்பட்டது, ரெண்டு மூணு போட்டா கெடுதல். அந்த பென் டிரைவ மொதல்ல கழட்டி ஓரமா வைங்க, ஃப்ரெண்ட் மேல சந்தேகம்லாம் இல்ல, ஆனா அதுல இருக்கற செட்டப் எல்லாம் அவர் என்னிக்கோ டவுன்லோட் பண்ணது, அது ஏன் பிரச்சனைன்னு கீழ வின்ரார் பத்தி சொல்லும்போது புரியும்.

எந்த சாஃப்ட்வேர் பெஸ்ட்னு ஆரம்பிச்சா சண்டை முடியவே முடியாது, அதனால நான் எதையும் போடறதுக்கு முன்னாடி ரெண்டே விஷயம்தான் பாப்பேன். ஒண்ணு, இதுக்கு அப்டேட் யார் தர்றாங்க, அது தானா வருதா இல்ல நாமதான் ஞாபகம் வெச்சு போய் எடுக்கணுமா. ரெண்டாவது, இதுல நான் உண்டாக்கற ஃபைல நாளைக்கு இந்த சாஃப்ட்வேரே இல்லாம வேற எதுலயாவது திறக்க முடியுமா. இந்த ரெண்டுக்கும் நல்ல பதில் இருந்தா அழகு கொஞ்சம் கம்மியா இருந்தாலும் போடலாம், இல்லன்னா எவ்ளோ பளபளன்னு இருந்தாலும் வேண்டாம்.

போடறதுக்கு முன்னாடி எடுக்கற வேலை ஒண்ணு இருக்கு. புது லேப்டாப்ல கம்பெனிக்காரங்களே ட்ரையல் ஆன்டிவைரஸ், கேம், ஷாப்பிங் ஆப்னு ஏத்தி அனுப்புவாங்க. செட்டிங்ஸ்ல ஆப்ஸ் போய் லிஸ்ட்ட சைஸ் வாரியா அடுக்கி, தெரிஞ்ச குப்பைய மட்டும் தூக்குங்க. சவுண்டு, கிராஃபிக்ஸ், டச்பேடு, பயாஸ் (மெஷின ஸ்டார்ட் பண்ற அடிப்படை புரோகிராம்) அப்டேட்டுன்னு பேர்ல இருக்கறத தொடாதீங்க, தெரியாத பேரா இருந்தா விட்டுடுங்க, இடம் ஒண்ணும் பெருசா அடைக்காது. அதே நேரத்துல ஃபைல் எக்ஸ்புளோரர்ல வியூ, ஷோ போய் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' டிக் பண்ணிடுங்க. இது சாஃப்ட்வேரே இல்ல, ஆனா பல சாஃப்ட்வேர விட உபயோகம் ஜாஸ்தி, ஏன்னா இது ஆஃப்ல இருந்தா 'பில் டாட் பிடிஎஃப் டாட் ஈஎக்ஸ்ஈ'ன்னு வர்ற வைரஸ் உங்க கண்ணுக்கு வெறும் 'பில் டாட் பிடிஎஃப்'னுதான் தெரியும், ஐக்கானும் பிடிஎஃப் மாதிரியே வெச்சிருப்பான்.

இப்ப பிரௌசர். உங்க நேரத்துல முக்கால்வாசி இதுலதான் போகப்போகுது, அதனால இதுக்கு கொஞ்சம் யோசிங்க. எட்ஜ் ஏற்கனவே இருக்கு, அதுவும் குரோமும் உள்ள ஒரே குரோமியம் இன்ஜின்தான், அதனால 'எட்ஜ் ஸ்லோ, குரோம் ஃபாஸ்ட்'னு சொல்றதுல பெருசா அர்த்தம் இல்ல. ஃபயர்ஃபாக்ஸ் வேற இன்ஜின். நான் ஃபயர்ஃபாக்ஸ சொல்றதுக்கு காரணம் ஒண்ணே ஒண்ணு, விளம்பரத்த தடுக்கற யுபிளாக் ஆரிஜின் முழு பலத்தோட ஓடறது அதுலதான். குரோம்ல எக்ஸ்டென்ஷன் (பிரௌசர்ல ஒட்டிக்கற சின்ன புரோகிராம்) விதிமுறைய மேனிஃபெஸ்ட் வி3-ன்னு மாத்தினதுல 2025-க்குள்ள பழைய யுபிளாக் ஆரிஜின் வேலை செய்யாம போச்சு, இப்ப அதுல யுபிளாக் ஆரிஜின் லைட்னு ஒரு சின்ன வடிவம்தான் போட முடியும், அதுவும் மோசம் இல்ல, ஆனா முழுசு இல்ல.

விளம்பரம் தடுக்கறது வெறும் எரிச்சல் குறைக்கத்தான்னு நெனைக்காதீங்க. டவுன்லோட் பேஜ்ல நாலு பச்சை பட்டன் இருக்கும், நாலுலயும் டவுன்லோட்னு எழுதியிருக்கும், அதுல மூணு விளம்பரம். 2022 கடைசியிலயும் 2023 ஆரம்பத்துலயும் கூகுள் தேடல்ல வி.எல்.சி (வீடியோ பாக்க), 7-ஜிப் (ஃபைல் சுருக்க), ஓபிஎஸ் (ஸ்க்ரீன ரெக்கார்டு பண்ண) மாதிரி பேர தேடினா மேல 'ஸ்பான்ஸர்டு'ன்னு வர்ற லிங்க்லயே போலி தளம் போட்டு, பாஸ்வேர்டு திருடற மால்வேர கலந்து குடுத்தானுங்க. நிஜ சைட் மாதிரியே இருக்கும், ஒரு எழுத்து மட்டும் மாறியிருக்கும். அதனால புது மெஷின்ல மொதல்ல பிரௌசர், அதுக்கு அடுத்த நிமிஷமே யுபிளாக், அப்புறம்தான் மத்தது, இந்த வரிசைய மாத்தாதீங்க.

சரி, மத்ததெல்லாம் எங்கேருந்து எடுக்கறது? இதுக்குதான் விங்கெட்டுன்னு சாஃப்ட்வேர தேடி எடுத்துப் போடற டூல் ஒண்ணு விண்டோஸ் 11-லயே இருக்கு, நிறைய பேருக்கு இருக்கறதே தெரியாது. ஸ்டார்ட் பட்டன்ல ரைட் கிளிக் பண்ணி டெர்மினல் திறந்து, விங்கெட், ஒரு ஸ்பேஸ், சர்ச், ஒரு ஸ்பேஸ், அப்புறம் சாஃப்ட்வேர் பேரு, எல்லாம் இங்கிலீஷ்ல சின்ன எழுத்துல டைப் பண்ணுங்க, பேரும் ஐடியும் வரும், அந்த ஐடிய போட்டு சர்ச்சுக்கு பதிலா இன்ஸ்டால்னு குடுத்தா தானா எடுத்து போட்டுக்கும். இதுல என்ன விசேஷம்னா, அது பெரும்பாலும் செஞ்சவங்களோட சொந்த சைட்லேருந்தே செட்டப்ப எடுக்குது, எடுத்த ஃபைலோட ஹாஷ் (ஃபைலோட கைரேகை மாதிரி ஒரு எண்) விங்கெட்டோட லிஸ்ட்ல இருக்கறதோட ஒத்துப்போகுதான்னு பாத்துட்டுதான் ஓட்டுது. நடுவுல நாலு பச்சை பட்டன் கிடையாது. அப்புறம் மாசத்துக்கு ஒரு தடவ விங்கெட் அப்கிரேட்னு அடிச்சு, கூடவே ரெண்டு ஹைஃபன் போட்டு ஆல்னு சேத்தா அதுக்கு தெரிஞ்ச எல்லாத்தையும் புதுப்பிச்சுடும். கருப்பு ஸ்க்ரீன பாத்து பயந்துக்காதீங்க, ரெண்டு வரிதான்.

டெர்மினல் வேண்டவே வேண்டாம்னா சாஃப்ட்வேர் செஞ்சவங்க சைட்லேருந்தே எடுங்க, ஆனா செட்டப்ப டபுள் கிளிக் பண்ணதும் 'மாத்தம் செய்ய அனுமதிக்கலாமா'ன்னு விண்டோஸ் கேக்கும்ல, அந்த பெட்டிய படிக்காம எஸ் குடுக்கறத நிறுத்துங்க. அதுல பப்ளிஷர்னு ஒரு வரி இருக்கும். வி.எல்.சி-க்கு வீடியோலான்னு வரணும், ஃபயர்ஃபாக்ஸுக்கு மொசில்லான்னு வரணும். பேர் வேறயா இருந்தா நோ குடுத்துட்டு வெளிய வாங்க. 'அன்நோன்'னு மஞ்சள் கலர்ல வந்தா எல்லாமே வைரஸ்னு அர்த்தம் இல்ல, டிஜிட்டல் கையெழுத்து வாங்க காசு செலவு பண்ணாத நல்ல சாஃப்ட்வேரும் உண்டு, ஆனா மஞ்சள் வந்தா எந்த சைட்லேருந்து எடுத்தோம்னு ஒரு தடவ திரும்பி பாருங்க.

டவுன்லோட் தளங்கள் பத்தியும் ஒரு வார்த்த சொல்லணும். நம்பகமான பேரா இருந்த சோர்ஸ்ஃபோர்ஜ்லயே 2015-ல கிம்ப் படம் எடிட் பண்ற சாஃப்ட்வேரோட விண்டோஸ் செட்டப்புக்குள்ள விளம்பர சாமான சேத்து குடுத்து பெரிய சண்டையாச்சு, அடுத்த வருஷம் கம்பெனி கை மாறினதும் அத நிறுத்திட்டாங்க. அதே 2015-லதான் மியூடோரண்ட்ங்கற டோரண்ட் டவுன்லோட் சாஃப்ட்வேர் கூடவே எபிக் ஸ்கேல்னு ஒரு காயின் மைனரும் (உங்க மெஷின்ல டிஜிட்டல் காசு தேடற புரோகிராம்) இறங்கி, ஜனங்க சிபியு ஏன் இப்படி சூடாகுதுன்னு தலைய பிச்சிக்கிட்டாங்க. உங்க லிஸ்ட்ல மியூடோரண்ட் இருக்கு, டோரண்ட் தேவைன்னா க்யூபிட்டோரண்ட் போடுங்க, விளம்பரம் இல்ல, ஓப்பன் சோர்ஸ்.

ஜிப் ஃபைலுக்கு, அதாவது சுருக்கின ஃபைலுக்கு, வருவோம். லிஸ்ட்ல வின்ரார், வின்ஜிப், 7-ஜிப் மூணும் இருக்கு. ஜிப் திறக்கறது விண்டோஸ்லயே ரொம்ப வருஷமா இருக்கு, 2023-லேருந்து விண்டோஸ் 11-ல ரார், 7இசட் ஃபைலும் சும்மா டபுள் கிளிக் பண்ணாலே திறக்குது. அதனால எதுவுமே போடாம ஒரு மாசம் ஓட்டிப் பாருங்க, பாஸ்வேர்டு போட்டு சுருக்கணும், பெரிய ஃபைல துண்டு துண்டா வெட்டணும்னு வந்தா அப்ப 7-ஜிப். இகோர் பாவ்லோவ்னு ஒருத்தர் 1999-லேருந்து எழுதிக்கிட்டு வர்றார், இலவசம்.

வின்ரார் தரமில்லாத சாமான் இல்ல, ஆனா அது தானா அப்டேட் ஆகாது, அதான் அதுல சிக்கல். 2019-ல அதுல ஏஸ்னு ஒரு பழைய ஃபார்மேட்ட பிரிக்கற பகுதியில பத்தொன்பது வருஷமா கிடந்த ஒரு ஓட்டைய கண்டுபிடிச்சாங்க, சுருக்கின ஃபைல பிரிச்சதுமே உங்க ஸ்டார்ட்டப் ஃபோல்டர்ல வைரஸ கொண்டுபோய் வெச்சிடும். 5.70-ல அந்த பகுதியையே தூக்கிட்டாங்க. அப்புறம் 2023-ல இன்னொண்ணு, 6.23-ல சரி பண்ணாங்க, 2025-ல மறுபடி ஒண்ணு, 7.13-ல சரி பண்ணாங்க, மூணையுமே திருட்டுக் கூட்டம் நிஜமாவே பயன்படுத்தியிருக்கு. இப்ப சொல்லுங்க, உங்க ஃப்ரெண்டோட பென் டிரைவ்ல இருக்கற வின்ரார் எந்த வெர்ஷன்? அநேகமா அவர் காலேஜ் படிக்கும்போது எடுத்ததா இருக்கும். பென் டிரைவ ஓரமா வைங்கன்னு சொன்னது இதுக்குத்தான்.

வீடியோவுக்கு வி.எல்.சி, ஒரே வரியில முடிச்சுடலாம். 1996-ல பாரிஸ்ல ஒரு இன்ஜினியரிங் காலேஜ் பசங்க ப்ராஜெக்டா ஆரம்பிச்சது, கோடெக் (வீடியோ, ஆடியோ ஃபைல பிரிச்சு ஓட்டற பகுதி) எல்லாம் அதுக்குள்ளயே இருக்கு, அதனால லிஸ்ட்ல இருக்கற ரெண்டு கோடெக் பேக்கையும் அடிச்சிடுங்க. தனி எம்பி3 பிளேயரும் வேண்டாம்.

ஆஃபிஸ் சாஃப்ட்வேர்தான் நெஜமாவே யோசிக்க வேண்டிய இடம், இதுல ஆளுக்கு ஆள் பதில் மாறும். நீங்க எழுதறது பெரும்பாலும் உங்களுக்கேன்னா, இல்ல பிரின்ட் எடுக்கவும் பிடிஎஃப்பா அனுப்பவும்தான்னா, லிப்ரே ஆஃபிஸ் தாராளமா போதும். 2010-ல ஓப்பன் ஆஃபிஸ்லேருந்து பிரிஞ்சு வந்தது, தி டாக்குமெண்ட் ஃபவுண்டேஷன்னு ஒரு லாப நோக்கில்லாத அமைப்பு பாத்துக்கறாங்க. பழைய ஓப்பன் ஆஃபிஸும் இன்னும் அதே பேர்ல கிடைக்குது, அதுல வேலை ரொம்ப மெதுவா நடக்குது, அத எடுக்காதீங்க. லிஸ்ட்ல ரெண்டும் இருக்கு.

ஆனா நீங்க ஒரு வேர்டு ஃபைல எடுத்து திருத்தி, அவங்க திரும்ப திருத்தி, மறுபடி உங்ககிட்ட அனுப்பின்னு போக வர இருந்தா லிப்ரே ஆஃபிஸ் கழுத்தறுக்கும். திறக்கும், எழுத்து எல்லாம் இருக்கும், ஆனா மூணாம் பக்கத்துல இருந்த டேபிள் நாலாம் பக்கத்துக்கு நழுவியிருக்கும். இதுக்கு முக்கால்வாசி காரணம் ஃபான்ட்தான். வேர்டுல 2007-லேருந்து ரொம்ப நாள் கலிப்ரிதான் டிஃபால்ட்டா இருந்துச்சு, லிப்ரே ஆஃபிஸ்ல கார்லிட்டோன்னு ஒரு ஃபான்ட் கூடவே வருது, கலிப்ரியோட ஒவ்வொரு எழுத்து அகலமும் இதுல அப்படியே அதே அளவு, அதனால கலிப்ரி இல்லாத மெஷின்லயும் வரி உடையற இடம் மாறாது. கேம்ப்ரியாவுக்கு பதிலா கலாடியா. ஆனா 2023-லேருந்து மைக்ரோசாஃப்ட் டிஃபால்ட்ட ஆப்டோஸ்னு மாத்திட்டாங்க, அது இல்லாத மெஷின்ல வேற அகலத்துல ஒரு ஃபான்ட் வந்து உக்காரும், வரி நகரும், பக்கம் நகரும். ரெஸ்யூமே மாதிரி ஒரே பக்கத்துல நிக்கணும்னு இருக்கற விஷயத்த டாக்எக்ஸா, அதாவது வேர்டு ஃபைலா, அனுப்பவே கூடாது, பிடிஎஃப்தான், எந்த ஆஃபிஸ்ல அடிச்சாலும் சரி.

எக்செல்லும் இதே கதைதான், கூட்டல் கழித்தல், ஃபில்டர், பைவட் டேபிள் வரைக்கும் லிப்ரே கால்க்ல ஓடும், வேலை செய்யற இடத்துல யாராவது எழுதிவெச்ச மேக்ரோ (எக்செல்ல தானா வேலை செய்ய வைக்கற குட்டி புரோகிராம்) ஃபைல் வந்தா பல நேரம் படுத்துடும். அப்படி வேலை இருக்கறவங்க மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸுக்கு காசு குடுத்துடறது நேரத்துக்கு நல்லது. எப்பவாவது ஒரு தடவதான்னா மைக்ரோசாஃப்ட்டோட வெப் வேர்டு, வெப் எக்செல் இலவசமாவே பிரௌசர்ல ஓடுது, ஒரு அக்கவுண்ட் இருந்தா போதும். லிப்ரே, ஓப்பன், மைக்ரோசாஃப்ட்னு மூணு ஆஃபிஸையும் போட்டு வைக்கறதுதான் தப்பு, எந்த ஃபைல் எதுல திறக்குதுன்னே தெரியாம போயிடும்.

நீங்க தமிழ் டைப் பண்றதால இதுல ஒரு நுணுக்கம் சொல்றேன். லிப்ரே ஆஃபிஸ்ல தமிழ் எழுத்துக்கு இங்கிலீஷ் ஃபான்ட்டோட சேராம தனியா ஒரு ஃபான்ட் செட்டிங் இருக்கு. ஆப்ஷன்ஸ்ல லாங்குவேஜ் பகுதியில 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்'ட ஆன் பண்ணி, தமிழ தேர்ந்தெடுத்து, அதுக்கு டிஃபால்ட் ஃபான்ட்டும் சைஸும் குடுத்துடுங்க. இத செய்யாம விட்டா இங்கிலீஷ் பன்னெண்டு சைஸ்லயும் தமிழ் வேற ஏதோ ஒரு சைஸ்லயும் நிக்கும், செலக்ட் பண்ணி மாத்தினா மாறுன மாதிரி இருக்கும், அடுத்த பாராவுல மறுபடி பழைய கதை, 'இந்த சாஃப்ட்வேரே சரியில்ல'ன்னு தூக்கிப் போட்டவங்க நிறைய பேரு.

தமிழ் டைப்பிங்குக்குன்னு தனி சாஃப்ட்வேர் இப்ப பெரும்பாலும் வேண்டாம். செட்டிங்ஸ்ல டைம் அண்டு லாங்குவேஜ் போய் தமிழ சேத்தா தமிழ் 99 கீபோர்டும் இருக்கு, உச்சரிப்பு வழியா அடிக்கறதும் இருக்கு, விண்டோஸ் பட்டனையும் ஸ்பேஸையும் சேத்து அழுத்தினா மாறும். புதுசா கத்துக்கறீங்கன்னா தமிழ் 99-க்கு ஒரு வாரம் குடுத்துப் பாருங்க, அதுல அகரம் சேந்த உயிர்மெய்க்கு ஒரே அழுத்தல்தான், ஒரே மெய் ரெண்டு தடவ வந்தாலோ, ங்க, ந்த மாதிரி ஜோடியா வந்தாலோ புள்ளி தானா விழும், நிறைய எழுதறவங்களுக்கு விரல் மிச்சம். லிஸ்ட்ல இருக்கற பாமினி ஃபான்ட் எதுக்குன்னா பழைய ஃபைல் திறக்க மட்டும்தான். பாமினியில நீங்க 'தமிழ்'னு அடிச்சா கம்ப்யூட்டருக்குள்ள சேவ் ஆகறது ஜே, கே, பி, ஓ, ஒரு செமிகோலன், அவ்ளோதான், ஃபான்ட்தான் அத தமிழ் மாதிரி வரைஞ்சு காட்டுது. அதனால அத தேட முடியாது, மெயில்ல ஒட்ட முடியாது, ஃபான்ட் இல்லாத மெஷின்ல வெறும் இங்கிலீஷ் குப்பையா தெரியும். பழைய பாமினி ஃபைல் இருந்தா யுனிகோடுக்கு (எல்லா மெஷின்லயும் தமிழாவே சேவ் ஆகற முறை) மாத்தற கன்வெர்ட்டர்ல ஒரே மூச்சுல மாத்திடுங்க, புதுசா எதையும் அதுல அடிக்காதீங்க. மேல ரெண்டாவதா ஒரு கேள்வி சொன்னேனே, நாளைக்கு வேற எதுலயாவது திறக்குமான்னு, அதுல சுத்தமா ஃபெயில் ஆகறது இதுதான்.

பிடிஎஃப் படிக்க பிரௌசரே போதும். ரொம்ப பெரிய புத்தகமா படிக்கறவங்களுக்கு சுமத்ரா பிடிஎஃப்னு ஒரு குட்டி சாஃப்ட்வேர் இருக்கு, டக்குன்னு திறக்கும், விட்ட பக்கத்துலயே வந்து நிக்கும். பக்கம் சேக்க பிரிக்கன்னு ஆன்லைன் சைட்டுக்கு ஃபைல ஏத்தறவங்க, அடையாள அட்டை, பேங்க் ஸ்டேட்மெண்ட் மாதிரி ஃபைல அப்படி ஏத்தாதீங்க, பிடிஎஃப்சாம் பேசிக்னு ஒண்ணு உங்க மெஷின்லயே அத செஞ்சு குடுக்கும். செட்டப்ல காசு குடுத்து வாங்கற வெர்ஷனையும் சேத்துப் போடவான்னு கேக்கும், அந்த டிக்க மட்டும் எடுத்துடுங்க.

ஸ்க்ரீன்ஷாட்டுக்கு ரெண்டு சாஃப்ட்வேர் எழுதியிருக்கார், விண்டோஸ் பட்டன், ஷிஃப்ட், எஸ் மூணையும் சேத்து அழுத்துங்க, அதுவே இருக்கு. ஃபோட்டோ பாக்க விண்டோஸ்லயே ஆப் இருக்கு, வேகம் வேணும்னா இர்ஃபான்வியூ, அதுவும் 1996-லேருந்து இருக்கற ஒண்ணு. ஃபோட்டோஷாப் அளவுக்கு தேவையில்லாம சும்மா வெட்ட, சைஸ் குறைக்க பெயிண்ட் டாட் நெட் போதும், கிம்ப் பவர்ஃபுல்தான் ஆனா சும்மா வெட்டி ஒட்டறதுக்காக அத கத்துக்கறது வீண் சிரமம். இந்த லிஸ்ட்லயே இல்லாத ஒண்ண நான் சேக்கறேன், எவ்ரிதிங்னு ஒரு தேடற சாஃப்ட்வேர். விண்டோஸ் தேடல் ஒவ்வொரு ஃபோல்டரா அலையும்போது இது டிஸ்க்கோட என்டிஎஃப்எஸ் மாஸ்டர் டேபிள (எல்லா ஃபைல் பேரும் இருக்கற பட்டியல்) நேரா படிச்சு வெச்சுக்குது, அதனால பேர்ல ரெண்டு எழுத்து அடிக்கறதுக்குள்ள லட்சக்கணக்கான ஃபைல்லேருந்து பொறுக்கி காட்டிடும். எங்க சேவ் பண்ணோம்னு மறந்துபோற ஆளுங்களுக்கு இது வரம்.

அடுத்தது பாஸ்வேர்டு மேனேஜர், அதாவது எல்லா பாஸ்வேர்டையும் பூட்டி வைக்கற சாஃப்ட்வேர், இது லிஸ்ட்ல இல்லாதது எனக்கு ஆச்சரியம், ஏன்னா நாப்பதையும் விட இது முக்கியம். ஒரே பாஸ்வேர்ட பத்து இடத்துல போடறவங்க, அதுல ஏதோ ஒரு சைட் லீக் ஆனா மத்த ஒன்பதும் போச்சு. பிட்வார்டன் இலவச கணக்குலயே எத்தன டிவைஸ்ல வேணாலும் ஓடும், ஃபோன்லயும் வரும். கிளவுடே வேண்டாம், ஃபைல் என்கிட்டதான் இருக்கணும்னு நெனைச்சா கீபாஸ்எக்ஸ்சி, ஒரே ஒரு பூட்டின ஃபைல், அத நீங்கதான் காப்பி எடுத்து பத்திரமா வெச்சுக்கணும். எதுவா இருந்தாலும் மாஸ்டர் பாஸ்வேர்டு நீளமா இருக்கணும், 2022-ல லாஸ்ட்பாஸ் கம்பெனியிலேருந்து வாடிக்கையாளரோட பூட்டின பெட்டகத்தையே திருடிட்டு போனானுங்க, அதுல தப்பிக்கறது தப்பிக்காதது மாஸ்டர் பாஸ்வேர்டு எவ்ளோ கெட்டிங்கறதுலதான் இருக்கு. சம்பந்தம் இல்லாத நாலஞ்சு வார்த்தைய கோத்து ஒண்ணு வைங்க, ஒரு பேப்பர்லயும் எழுதி பீரோவுல வைங்க, பேப்பர ரஷ்யாவுல இருக்கற ஹேக்கர் திருட முடியாது.

ஆன்டிவைரஸ். விண்டோஸ்லயே இருக்கற டிஃபெண்டர் இந்த உபயோகத்துக்கு போதும், பல வருஷமா சோதனைக்கூடங்கள்ல நல்ல மார்க் வாங்கிட்டுதான் இருக்கு. வேற ஆன்டிவைரஸ் போட்டா டிஃபெண்டர் ஒதுங்கிக்கும், அந்த ட்ரையல் முடிஞ்சும் அது மூலையில உக்காந்து 'ரின்யூ பண்ணு'ன்னு கத்திக்கிட்டு இருக்கும். லிஸ்ட்ல ரெண்டு ஆன்டிவைரஸ் போட்டிருக்கார், ரெண்டும் ஒரே நேரத்துல ஓடினா ஒரே வீட்டு வாசல்ல ரெண்டு காவக்காரங்க ஒருத்தர ஒருத்தர் திருடன்னு பிடிச்சுக்கற மாதிரி ஆகும், மெஷினும் தவழும். இலவச ஆன்டிவைரஸ் எப்படி சம்பாதிக்குதுன்னும் யோசிக்கணும், அவாஸ்ட் தன்னோட யூஸருங்க எந்தெந்த சைட் பாக்கறாங்கங்கற தகவல ஜம்ப்ஷாட்னு ஒரு கிளை வழியா வித்தது வெளிய வந்து 2020-ல அந்த கிளைய மூடினாங்க, 2024-ல அமெரிக்காவுல எஃப்டிசிங்கற வணிக கண்காணிப்பு அமைப்பு அதுக்காக 1.65 கோடி டாலர் கட்ட வெச்சுது.

இந்த இடத்துலதான் லிஸ்ட்ல நான் சிவப்பு மையால அடிக்கற பகுதி வருது. கிளீனர், ரெஜிஸ்ட்ரி ஃபிக்ஸர், டிரைவர் அப்டேட்டர், ராம் பூஸ்டர். நாலும் வேண்டாம். ரெஜிஸ்ட்ரிய (விண்டோஸோட செட்டிங்ஸ் எல்லாம் எழுதி வெச்சிருக்கற இடம்) சுத்தம் பண்றேன்னு சொல்ற சாமான மைக்ரோசாஃப்ட் ஆதரிக்கறதில்லன்னு அவங்களே எழுதி வெச்சிருக்காங்க, ரெஜிஸ்ட்ரியில நாலு பழைய வரி கிடந்தா வேகம் குறையாது, தப்பான ஒரு வரிய அழிச்சா ஒரு சாஃப்ட்வேர் திறக்காம போகும். ராம் பூஸ்டர் செய்யறது, விண்டோஸ் வேகத்துக்காக ராம்ல வெச்சிருக்கறத தூக்கி வெளிய போடறது, அப்புறம் விண்டோஸ் திரும்ப டிஸ்க்லேருந்து எடுக்கும், அதாவது நம்பர் அழகா குறையும், மெஷின் ஸ்லோவாகும். டிரைவர் (சவுண்டு, பிரின்டர் மாதிரி பாகத்த விண்டோஸோட பேச வைக்கற புரோகிராம்) விண்டோஸ் அப்டேட்லயே வருது, கிராஃபிக்ஸ் கார்டுக்கு மட்டும் அந்த கம்பெனி சைட்டுக்கு போகலாம். சிசிகிளீனர் நல்ல பேர் எடுத்த சாமான்தான், 2017 ஆகஸ்ட்ல அதோட 5.33 வெர்ஷனுக்குள்ளயே யாரோ மால்வேர நுழைச்சிட்டானுங்க, அதிகாரபூர்வ சைட்லேருந்தே, 22 லட்சத்துக்கு மேல மெஷின்ல இறங்கிடுச்சு. அவசியமே இல்லாத ஒண்ண போட்டு, அதுவும் அட்மின் அனுமதி குடுத்து வெச்சா, நல்ல கம்பெனியா இருந்தாலும் இந்த ஆபத்து இருக்கு. இடம் அடைச்சா செட்டிங்ஸ்ல ஸ்டோரேஜ் சென்ஸ் ஆன் பண்ணுங்க, டெம்பரரி ஃபைல அதுவே அழிக்கும். டவுன்லோட்ஸ் ஃபோல்டர் ஆப்ஷன மட்டும் 'நெவர்'ல வைங்க, நிறைய பேர் முக்கியமான ஃபைல அங்கதான் வெச்சிருப்பாங்க.

பென் டிரைவ்ல கிராக்னு (காசு சாஃப்ட்வேர காசு குடுக்காம ஓட்டற திருட்டு வழி) ஒரு ஃபோல்டர் இருக்குன்னு எழுதியிருக்கீங்க, அதுல ஆக்டிவேட்டரும் இருக்குன்னு. அத ஓட்டச் சொல்ற குறிப்புலயே மொத வரி 'ஆன்டிவைரஸ ஆஃப் பண்ணு'ன்னு இருக்கும், அங்கயே யோசிச்சுக்கணும். இப்ப வர்ற கிராக்கோட கூட வர்றது பழைய மாதிரி ஸ்க்ரீன்ல மண்டையோடு காட்டற வைரஸ் இல்ல, சத்தமே இல்லாம பிரௌசர்ல சேவ் பண்ண பாஸ்வேர்டையும் லாகின் குக்கியையும் அள்ளிட்டு போற ஸ்டீலர். குக்கி போச்சுன்னா ஓடிபி கூட கேக்காம உங்க அக்கவுண்டுக்குள்ள போயிடலாம், பாஸ்வேர்டு எவ்ளோ கெட்டியா இருந்தும் பிரயோஜனம் இல்ல. காசு குடுக்க முடியலன்னா இலவச மாத்துக்கு போங்க, கிராக்குக்கு போகாதீங்க.

பேக்கப் பத்தி கேக்கவே இல்ல நீங்க, ஆனா ஃபோட்டோ சேக்கறேன்னு சொன்னதால சொல்றேன். விண்டோஸ் 11 செட்டப் பண்ணும்போதே டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் மூணையும் ஒன்டிரைவுக்குள்ள இழுத்துக்கும், இலவசமா குடுக்கறது 5 ஜிபி, ஃபோட்டோ ஏத்தினா ஒரே வாரத்துல ரொம்பிடும். அதவிட முக்கியம், சிங்க் வேற பேக்கப் வேற. இங்க அழிச்சா அங்கயும் அழியும், ரீசைக்கிள் பின்ல 30 நாள் இருக்கும், அப்புறம் இல்ல. ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி, விண்டோஸ்லயே இருக்கற ஃபைல் ஹிஸ்டரிய அதுல ஆன் பண்ணி, காப்பி ஆனதும் கழட்டி வைங்க. கழட்டறதுதான் முக்கியம், 2017 மே மாசம் வான்னாகிரைங்கற ஃபைல பூட்டி காசு கேக்கற வைரஸ் பரவினப்ப மெஷினோட மாட்டியே இருந்த டிஸ்க்கும் சேந்துதான் பூட்டிக்கிச்சு. கூடவே இன்னொண்ணு, நிறைய விண்டோஸ் 11 லேப்டாப்ல டிஸ்க் என்கிரிப்ஷன் தானா ஆன் ஆகி அதோட ரெக்கவரி கீ உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டுல போய் உக்காந்திருக்கும். இன்னிக்கே அந்த 48 இலக்க நம்பர எடுத்து பேப்பர்ல எழுதி வைங்க, ஒரு பயாஸ் அப்டேட்டுக்கு அப்புறம் திடீர்னு நீல ஸ்க்ரீன்ல அத கேட்டா, அந்த அக்கவுண்ட் பாஸ்வேர்டும் மறந்திருந்தா, உள்ள இருக்கற ஃபோட்டோவ யாராலயும் எடுக்க முடியாது.

எனிடெஸ்க், டீம்வியூவர்னு தூரத்துலேருந்து மெஷின இயக்கற சாமான் பத்தி, உங்க மெஷின வேற யாராவது தூரத்துலேருந்து சரி பண்ணணும்னா அப்ப மட்டும், விண்டோஸ்ல இருக்கற க்விக் அசிஸ்ட் போதும். ஃபோன் பண்ணி 'உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்கு, இத போடுங்க'ன்னு சொல்றவன் போடச் சொல்றதும் இந்த மாதிரி சாமான்தான், அதனால எப்பவும் ஓடற மாதிரி வெச்சிருக்காதீங்க.

கடைசியா 32 பிட்டா 64 பிட்டான்னு கேட்டிருந்தீங்க. விண்டோஸ் 11-ல 32 பிட் பதிப்பே கிடையாது, அதனால 64 எடுங்க. ஆனா செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட்ல போய் 'சிஸ்டம் டைப்' வரிய ஒரு தடவ பாருங்க, அதுல ஆர்ம்னு இருந்தா உங்களது ஸ்னாப்டிராகன் மாதிரி சிப்பு போட்ட லேப்டாப். அப்படின்னா டவுன்லோட் பேஜ்ல ஆர்ம்64-னு தனி செட்டப் இருக்கான்னு தேடி அத எடுங்க, ஃபயர்ஃபாக்ஸ், 7-ஜிப், லிப்ரே ஆஃபிஸ் எல்லாத்துக்கும் இருக்கு. இல்லாததுக்கு சாதாரண 64 பிட்ட போட்டாலும் எமுலேஷன்ல (வேற சிப்புக்கு எழுதினத மொழிபெயர்த்து ஓட்டற முறை) ஓடும், பேட்டரி கொஞ்சம் ஜாஸ்தி குடிக்கும், பிரின்டர் டிரைவர் மாதிரி டிரைவர் சமாச்சாரம் மட்டும் ஆர்முக்குன்னே செஞ்சதா இருந்தாதான் ஓடும், பழைய பிரின்டர் வெச்சிருந்தா அத மொதல்லயே பாத்துடுங்க.